மைலேஜுக்காக கிரவுனை மாற்றப் போகிறீர்களா?

"லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. மைலேஜ் கூடும் என்று கிரவுன் பினியனை மாற்றினேன், இப்போது நாலுகூட வரவில்லை" என்று சண்டைக்கு வராத குறையாக ஒரு லாரி ஓனர் பட்டறைக்கு வந்தார். வேலை நடந்தது வேறு இடத்தில். ஆனால் மாற்றியவரிடம் தப்பில்லை, மீட்டர்தான் பொய் சொல்லியது.

பின் ஆக்சிலுக்குள் ஒன்றோடொன்று கடித்து ஓடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுனும் பினியனும்; சின்னது பினியன், பெரியது கிரவுன். பழைய பினியனில் 6 பல், கிரவுனில் 41. வகுத்தால் 6.83. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஜாயின்ட் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். புதிய பினியனில் 7 பல், ரேஷியோ 5.86. ஒரே ஒரு பல்தான் கூடுதல். 10.00 ஆர் 20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட்டும் ஒரு சுற்று, என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு நிமிடத்துக்கு 2,130 சுற்று (ஆர்பிஎம்) ஓடிய இன்ஜின் இப்போது 1,830-இல் ஓடும். டீசல் மிச்சமாவது இதில்தான்.

இவர் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கணக்கு எடுப்பது கியர்பாக்ஸ் பக்கம். ரேஷியோ மாறியது அதற்குத் தெரியாது. நிஜமாக 117 கிலோமீட்டர் ஓடினால் 100 என்று காட்டும். அவர் சொன்ன 3.9-ஐத் திருத்திப் போட்டால் நாலரை வந்தது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது, எனக்குத்தான் பயம் வந்தது. ஏனென்றால் முள் 60-இல் நிற்கும்போது வண்டி 70-இல் போகிறது. வேகத்துக்குப் பூட்டுப் போடும் லிமிட்டரும் அதே கணக்கை நம்பினால் 80-க்கு வைத்த பூட்டு 93-இல்தான் விழும்.

இதோடு தொப்பூர் கணவாயை யோசித்துப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, டிரைவர் பழக்கதோஷத்தில் எப்போதும் போடும் கியரைப் போடுவார். அந்தக் கியரில் இன்ஜின் பிடிக்கும் பிடி இப்போது ஏழில் ஒரு பங்கு குறைவு. மிச்சத்தை பிரேக் தாங்க வேண்டும், லைனர் காய்ந்து வாடை வரும். ஏற்றத்திலும் அதே கதைதான்: இழுவை ஏழில் ஒரு பங்கு போய்விட்டதால் கீழ்க் கியரில் உருட்டி, கிளட்சைத் தேய்த்து, மிச்சம் பிடித்த டீசலை அங்கே விட்டுவிடுவீர்கள்.

அதனால்தான் நான் முதலில் கேட்பது, "எந்த லைன்? திரும்பும்போதும் லோடு உண்டா?" என்பதை. நாலுவழிச் சாலையிலேயே முட்டை லோடு ஓட்டுபவர் 5.86-க்குத் தாராளமாகப் போகலாம். குவாரி டிப்பருக்கு அது ஆகவே ஆகாது. பக்கத்து வண்டிக்காரர் சொன்னார் என்பதற்காக மாற்றுவதாக இருந்தால் அவருடைய டயர் சைஸையும் டாப் கியர் ரேஷியோவையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் என்ன ரேஷியோ என்று தெரியவில்லையா? சமதரையில் முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை வைத்து, பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், பார்க்கிங் பிரேக் விட்டிருக்க வேண்டும். மறு பக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் தூக்கிய சக்கரம் இரட்டிப்பாகச் சுற்றும்; அதனால் அதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எண்ணச் சுலபம்.

அப்புறம், கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். இரண்டு பின் ஆக்சிலும் இழுக்கிற வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பச் சொல்லி வருபவர்களும் உண்டு. அந்த வேலையை நான் எடுப்பதில்லை.