வென்டிலேட்டர் செய்யாத வேலைகள்

வென்டிலேட்டர் ஆக்சிஜன் கலந்த காற்றை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தள்ளும். காற்று வெளியேறுவது நுரையீரல் தானாகச் சுருங்குவதால். ஆனால் காற்று போவதற்கு வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறங்கிய நொடியே உடம்பின் மூன்று காவல்கள் விலகிவிடும். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்த மூக்கு இல்லை. குரல்வளை மூடாததால் இருமலுக்கு வேகம் இல்லை. எச்சிலை ஒழுங்காக விழுங்கவும் முடியாது. ஐசியு செவிலியரின் நாள் முழுக்க இந்த மூன்றையும் ஈடுகட்டுவதிலேயே போகிறது.

டியூபின் கீழ்முனைக்குச் சற்று மேலே 'கஃப்' என்ற சிறு பலூன் இருக்கும். அது ஊதி மூச்சுக்குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால்தான் தள்ளிய காற்று மேலே கசியாது. அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் சுவரின் நுண்ரத்தக்குழாய்கள் நசுங்கிப் புண்ணாகும். பிறகு அந்த இடம் சுருங்கி, மூச்சுக்குழாயே குறுகிப்போகலாம். 20-க்குக் கீழே போனால் மேலே தேங்கிய எச்சில் கீழே வழியும். கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் இன்னொரு சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்பது வெறும் ஊகம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளவுமானியை மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் கஃபின் மடிப்புகள் வழியே கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்த எச்சிலில் வாயின் கிருமிகளும் சேர்ந்தே இறங்கும். டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவுக்கு இது முக்கியமான வழி. அதனால்தான் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துகிறோம். கண்ணளவை நம்பாமல் கட்டிலின் பக்கவாட்டில் உள்ள கோணமானியைப் பாருங்கள். நோயாளி கீழே சரிந்துவிட்டால் கட்டில் மட்டுமே உயர்ந்திருக்கும், நெஞ்சு உயர்ந்திருக்காது. பல் துலக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு வாயைச் சுத்தம் செய்வது நெடுநாள் வழக்கம். 2022-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. பிரஷ்ஷால் துலக்கவே சொல்கிறது.

சளியை உறிஞ்சுவதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம். நெஞ்சில் கரகரப்பு கேட்டாலோ, திரையில் காற்றோட்டக் கோடு ரம்பப்பல் போல நெளிந்தாலோ அப்போது செய்தால் போதும். முதலில் 30 முதல் 60 நொடி 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் வெளிவிட்டம் டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 8 மி.மீ. டியூபுக்கு 12 பிரெஞ்ச் அளவு, அதாவது 4 மி.மீ. உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். எல்லாம் 15 நொடிக்குள் முடிய வேண்டும். நேரம் நீண்டால் சளியோடு காற்றும் போய்க் காற்றறைகள் சுருங்கும், ஆக்சிஜன் அளவு சரியும், சிலருக்கு இதயத்துடிப்பே மந்தமாகும். உப்புநீரை ஊற்றிச் சளியை இளக்கும் பழக்கத்தை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். சளி கெட்டியாகாமல் காப்பது உள்ளே போகும் காற்றின் ஈரமும் சூடும்தான்.

ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை உயரம் தீர்மானிக்கிறது. எடை கூடினால் நுரையீரல் பெரிதாவதில்லை. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை சுமார் 52 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஏறத்தாழ 315 மி.லி. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சிறிய அளவு உயிரிழப்பைக் குறைத்ததை 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

அலாரம் அடித்து ஆக்சிஜன் அளவு சடசடவென்று இறங்கினால், பட்டனைத் தேடாமல் நோயாளியை மெஷினிலிருந்து கழற்றி கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஆம்பு பையால் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பை லகுவாக அமுங்கி, நெஞ்சு ஏறி, அளவும் மீண்டால் கோளாறு மெஷினிலோ அதன் குழாய்களிலோ. பை இறுகினால் உறிஞ்சுகுழாயை விட்டுப் பாருங்கள். இறங்காவிட்டால் டியூப் அடைத்திருக்கிறது, அல்லது நோயாளி கடிக்கிறார். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் ஏறினால், டியூப் மூச்சுக்குழாயின் வலப்பக்கக் கிளைக்குள் நழுவியிருக்கலாம். அந்தக் கிளை அகலமானது, அதிகம் வளையாதது. அல்லது நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருக்கலாம். பல்லருகே டியூபில் தெரியும் ஆழக்குறி பெண்களுக்குச் சுமார் 21, ஆண்களுக்கு 23 செ.மீ. அதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதி வைத்திருந்தால் இந்த நேரத்தில் குழப்பம் வராது.

ஏற்றவர்களுக்குத் தினமும் மயக்க மருந்தை நிறுத்தி, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை தானாக மூச்சு விடவைத்துப் பார்க்கிறோம். தேறினால் டியூபை எடுக்கலாம். ஆனால் கஃபின் காற்றை இறக்கும் முன் வாயையும் தொண்டையையும் உறிஞ்சியாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவரை மேலே தேங்கியது மொத்தமும் நுரையீரலில் விழும். எடுத்த பிறகு குரல் கரகரக்கும், விழுங்கும் தசைகள் சோர்ந்திருக்கும். விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கும் வரை, உறவினர்கள் ஆசையோடு நீட்டும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம்.