காற்றிலேயே ஒரு லென்ஸ்

சின்ன வயதில் ஈஸ்டர் லீவு என்றாலே எங்களுக்கு மாரியம்மன் திருவிழாதான். தீமிதிக்கு விறகை எரித்து, தணலைக் குழி நிறையப் பரப்பி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து ஆட்கள், கோயில் சுவர், கொடிமரம் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். "ஆயா, கொடிமரம் ஆடுது பாரு" என்றேன். "அம்மன் வந்துட்டாடா, கும்பிட்டுக்கோ" என்றார் ஆயா. கும்பிட்டுக்கொண்டேன்.

கொடிமரத்தை ஆட்டிய அதே சூடான காற்றை வைத்து இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பேராசிரியர் லென்ஸ் செய்துகொண்டிருந்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாக்ஸ் மைக்கேலிஸ், நேட்டால் பல்கலைக்கழகத்தில் லேசர் இயற்பியல் ஆள். (அந்த நிறவெறிக் காலத்தில் நம் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்தது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். 2004-இல்தான் இரண்டும் ஒன்றாகி குவாசுலு-நேட்டால் ஆனது.)

காற்றில் எப்படி லென்ஸ்? வெற்றிடத்தில் ஓடுவதைவிடக் காற்றில் ஒளி ஒரு துளி மெதுவாக ஓடும். எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதைச் சொல்வதுதான் ஒளிவிலகல் எண். கண்ணாடிக்கு அது சுமார் 1.5 என்றால், காற்றுக்கு 1.0003-தான். காற்று சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். அந்தத் துளியும் குறையும். 20 டிகிரியில் சுமார் 1.00027 ஆக இருப்பது 150 டிகிரியில் 1.00019 ஆகிவிடும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இடது சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு மணலில் இறங்கினால் அந்தப் பக்கம் மெதுவாகும், வண்டி மணலை நோக்கி இழுக்கும். ஒளியும் அப்படித்தான். ஒரு பக்கம் குளிர்ந்த அடர்காற்று, மறுபக்கம் சூடான மென்காற்று என்றால், கதிர் குளிர்ந்த பக்கமே சாயும். தணலுக்கு மேலே சூடும் குளிரும் கண்டபடி கலந்து கிடப்பதால் கதிர்கள் நொடிக்கு நொடி வேறு வேறு பக்கம் சாய்கின்றன. கொடிமரம் ஆடுகிறது.

சரி, அந்தக் கலவரத்தை ஒழுங்குபடுத்தி, நடுவில் குளிர்ந்த காற்றும் சுற்றிலும் சூடான காற்றும் இருக்கும்படி செய்துவிட்டால்? எல்லாப் பக்கத்துக் கதிரும் நடுவை நோக்கி வளையும். அதுதானே குவி லென்ஸ்!

இந்த யோசனை டர்பனில் பிறந்ததல்ல. 1960-இல் மைமன் முதல் லேசரை எரியவிட்ட கொஞ்ச நாளிலேயே, லேசர் ஒளியை ஊர்விட்டு ஊர் அனுப்ப அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாயு லென்ஸைச் சோதித்தார்கள். 1970-இல் ஒளியைக் கொண்டுபோக நல்ல கண்ணாடி இழை வந்தது, அதற்குப் பிறகு அந்த வேலைக்கு வாயு லென்ஸ் தேவைப்படவில்லை.

மைக்கேலிஸுக்கு அது வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. வலுவான லேசருக்குக் கண்ணாடி லென்ஸ் ஒரு தொல்லை. மேலே ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தால் போதும். அந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடேறி விரிசல் விடும். காற்றில் எங்கே விரிசல் விழும்?

கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள். படுக்க வைத்த ஒரு இரும்புக் குழாய், அதைச் சூடாக்க ஏற்பாடு, சுழற்ற ஒரு மோட்டார். அவ்வளவுதான். சுழற்றாமல் சும்மா சூடாக்கினால் சூடான காற்று மேலே ஏறிக்கொள்ளும், குளிர்ந்தது கீழே தங்கிவிடும். நமக்கு வேண்டிய வட்ட ஒழுங்கு வராது. சுழற்றும்போது சுவரை ஒட்டிய சூடான காற்றும் சேர்ந்து சுழன்று, இரண்டு வாய் வழியாகவும் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று குழாயின் நட்டநடுவே உள்ளே இழுக்கப்படுகிறது. நடுவில் குளிர், ஓரத்தில் சூடு. யாரும் அடுக்கவில்லை, தானாகவே அமைந்துவிடுகிறது.

இந்த லென்ஸால் லேசரைக் குவித்துத் துளை போட்டுக் காட்டினார்கள். அப்புறம் 1991-இல் வாயு லென்ஸால் ஆன தொலைநோக்கியைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். துளை போடக் கொஞ்சம் கோணலான லென்ஸ்கூடப் போதும். உருவம் தெளிவாகத் தெரிய அது போதாது.

குறைகளும் உண்டு. அந்த 0.00008 வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒளியைச் சட்டென்று வளைக்க முடியாது. குவியத்தூரம், அதாவது லென்ஸிலிருந்து ஒளி ஒன்றுசேரும் புள்ளி வரையான தூரம், மீட்டர் கணக்கில் போகும். மெதுவாகச் சுழற்றினால் புவியீர்ப்பு காற்றைச் சாய்த்துவிடுகிறது. வேகமாகச் சுழற்றினால் லென்ஸின் வலு கூடுகிறது, ஆனால் காற்று கொந்தளித்து ஒளிக்கற்றையின் தரம் கெடுகிறது. இதையெல்லாம் பின்னாளில் பிரிட்டோரியாவிலுள்ள தேசிய லேசர் மையத்து ஆட்களும் சேர்ந்து அளந்தார்கள்.

வீட்டிலேயே இதன் முதல் பாதியைப் பார்க்கலாம், லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) இல்லாத நேரமாக இருந்தால். ஒரு லேசர் பாயின்டரை அசையாமல் எதிலாவது கட்டி, சூடான ரொட்டிக்கல்லுக்கு ஒரு விரற்கடை மேலே கதிர் போகும்படி வைத்து, எதிர்ச்சுவரில் புள்ளியைப் பாருங்கள். கதிருக்கு நேராகக் கண்ணை வைக்கக் கூடாது. கல் சூடேறச் சூடேறப் புள்ளி மெல்ல மேலே ஏறும், நடுங்கவும் செய்யும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நான் முதல் தடவை அதை மறந்துவிட்டு அரைமணி நேரம் பாயின்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.