கை தூக்கும் முன்னே ஆளைப் பார்க்கும் ஏலம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவருக்குப் பதினைந்து வருடமாக நான் கணக்குப் பார்க்கிறேன். சின்ன வயதில் ஊர் டீமில் வேகப்பந்து போட்டவர். 1983 உலகக் கோப்பையில் பிடித்த கிரிக்கெட் மோகம் இன்னும் இறங்கவில்லை. போன வருடம் ஒரு நாள் கோவையில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தவர், உட்காரக்கூட இல்லை, போனை நீட்டினார். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றின் மின்னஞ்சல் அது. பழைய வீரர்கள் கையெழுத்துப் போட்ட மட்டை ஒன்றுக்கு ஏலம் கேட்கப் பதிவு செய்திருக்கிறார். பதிவை ஏற்க முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

“வருசம் பூரா அந்த நாட்டுக்குத்தானுங்க சரக்கு அனுப்பறேன். ஒரு மட்டைக்கு நம்மள நம்ப மாட்டேங்கறாங்களே, நானென்ன ஓடிப்போறவனுங்களா ஆடிட்டர்?”

கோபத்தைவிட அவமானம்தான் முகத்தில் அதிகம் தெரிந்தது. இதே மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஈரோட்டில் ஜவுளி வியாபாரி ஒருவர், பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர். எல்லாருக்கும் கையில் காசு இருந்தது, எல்லாரும் நேர்மையானவர்கள். பதிவில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஏன் மாட்டினார்கள் என்பதை விவரமாக எழுதினால், கிரிக்கெட் நினைவுப்பொருள் வாங்கும் ஆசையுள்ள நம் பக்கத்து ஆட்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில், இது நமக்குப் புதிய வழக்கம் இல்லை. ஊர்ப் புளியமரத்தை ஏலம் விட்டாலும் டேவணித் தொகை கட்டியவர்தான் கேட்க முடியும். ஈரோடு மஞ்சள் ஏலத்தில் உரிமம் உள்ள வியாபாரிதான் விலை எழுதலாம். வழியில் போகிறவர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் சீட்டை நீட்ட முடியாது. காரணம் நமக்கே தெரியும். கூடுதல் விலை கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் ஒருவன் போய்விட்டால், நட்டம் மூட்டை கொண்டுவந்த விவசாயிக்கு.

விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்திலும் அதே கணக்குத்தான். பொருள் ஏல நிறுவனத்துடையது இல்லை, விற்கக் கொடுத்தவருடையது. ஜெயித்தவர் கட்டாமல் விட்டால் இரண்டாவதாகக் கேட்டவர் அதற்குள் மனம் மாறியிருப்பார். பொருளுக்கும் ‘விலை போகாதது’ என்ற கறை ஒட்டிக்கொள்ளும். 2009இல் பாரிஸில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் இரண்டு சீன வெண்கலத் தலைகளை ஒவ்வொன்றும் சுமார் 1.4 கோடி யூரோவுக்குக் கேட்டு ஜெயித்த ஒருவர், ‘பணம் கட்டமாட்டேன், இது எங்கள் நாட்டிலிருந்து கொள்ளை போனது’ என்று அறிவித்துவிட்டார். அது விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் ஏலம் நடத்துகிறவர்களின் அச்சம் என்னவென்று புரிந்துகொள்ள அந்த ஒரு சம்பவம் போதும்.

இன்னொரு அச்சம், பொய்க் கேள்வி. விற்பவரோ அவருடைய ஆளோ, நிறுவனத்துக்காரரே கூட, வேறு பெயரில் உள்ளே நுழைந்து விலையை ஏற்றிவிடுவது. விளையாட்டுப் பொருள் ஏலத்தில் ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே பெரிய பெயராக இருந்தது மாஸ்ட்ரோ ஆக்‌ஷன்ஸ். அதன் உரிமையாளர் பில் மாஸ்ட்ரோ, இப்படிப் பொய்யாக விலை ஏற்றியதை ஒப்புக்கொண்டு, 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆகவே இன்று ஒரு நிறுவனம் உங்கள் பதிவைத் திறந்து பார்க்கும்போது அதற்கு இரண்டு கேள்விகள் இருக்கும். இவர் கட்டுவாரா? இவர் ஒரே ஆள்தானா?

இரண்டாவது கேள்வியில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். திருப்பூர்க்காரரின் காகிதங்களை வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் வந்தது, எழுத்துக்கூட்டலும் வேறு. வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். கிரெடிட் கார்டில் அந்த இனிஷியலும் இல்லை. நமக்கு எல்லாம் ஒரே மனுசன். இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், அடையாளம் ஒப்பிடும் மென்பொருளுக்கு முன்னால் நான்கு பேர் வந்து நிற்கிறார்கள்.

முகவரி இன்னும் மோசம். வீட்டுச் சான்றாக ஈபி ரசீதை ஏற்றியிருந்தார். இணைப்பு இன்னும் தாத்தா (எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘அப்பாரு’) பெயரில் இருக்கிறது. “அப்பாரு பேர்லயே கெடக்குதுங்க, மாத்தோணும் மாத்தோணும்னு அப்படியே போயிருச்சு” என்றார். கொங்கு நாட்டில் பாதித் தோட்டத்து வீடுகளின் கதை இதுதான். அயல்நாட்டில் அதைப் பார்ப்பவர் ‘இது வேறு ஒருவரின் வீடு’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பணம் கட்டும் வசதிக்குச் சான்று கேட்டதற்கு, தாசில்தார் கொடுத்த சொத்து மதிப்புச் சான்றிதழை அனுப்பியிருக்கிறார். இங்கே கான்ட்ராக்ட் எடுக்க அது செல்லும். அங்கே செல்லாது. எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பது அவர்களுக்கு வேண்டாம். விலை முடிந்த சில நாட்களுக்குள் பணம் அனுப்ப முடியுமா என்பதுதான் வேண்டும். அதற்கு வங்கி தன் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் கொடுக்கும் கடிதம் போதும். ‘இவர் இத்தனை வருடமாக எங்கள் வாடிக்கையாளர், கணக்கு ஒழுங்காக நடக்கிறது’ என்று நான்கு வரி இருந்தால் சரி. கிளை மேலாளர் தயங்கினால், வங்கிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்க விளையாட்டு ஏல நிறுவனங்கள் பல, முன்பு வேறு எந்த ஏல நிறுவனத்தில் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கும். பெயர் கொடுத்தால் அங்கே விசாரிக்கும். மஞ்சள் மண்டியில் ‘இன்ன கமிஷன் கடைக்காரருக்கு இவரைத் தெரியும்’ என்று ஒரு வார்த்தை கேட்பது மாதிரிதான் இதுவும். முதல் தடவை கேட்பவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதை மறைத்து ஏதோ ஒரு பெயரை எழுதுவது பெரிய தப்பு. ‘இதுதான் முதல் தடவை’ என்று எழுதுங்கள். போனில் பேசுவார்கள், முன்பணம் கேட்பார்கள், இல்லையென்றால் ‘இந்தத் தொகை வரைதான் நீங்கள் கேட்கலாம்’ என்று ஒரு எல்லை வைப்பார்கள். அந்த எல்லையைப் பார்த்து யாரும் மனம் வருந்த வேண்டாம். பணம் கட்டிக் காட்டக் காட்ட அது ஏறும்.

கார்டு விஷயம் சின்னது, ஆனால் அடிக்கடி வருவது. பதிவின்போது உங்கள் கார்டு உண்மையானதா என்று பார்க்க ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்து, பிறகு விடுவிப்பார்கள். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தேதான் வரும். வங்கி ஆப்பில் நாமாகத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் முயன்றால் கார்டு மறுக்கப்படும், அதுவும் உங்கள் பதிவில் ஒரு கரும்புள்ளி ஆகலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஈரோட்டுக்காரர் விவகாரம். அவர் ஒரு பதிவு வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகனும், அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க வேண்டுமென்று, அதே நிறுவனத்தில் தன் பெயரில் பதிந்திருந்தான். ஒரே வீடு, ஒரே வைஃபை, ஒரே முகவரி. இருவரும் ஒரே சட்டைக்கு மாறி மாறி விலை ஏற்றினார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். பொய்க் கேள்வி என்று சந்தேகப்பட்டு இரண்டு கணக்கையும் முடக்கிவிட்டது நிறுவனம். பாசத்தில் நடந்ததை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? மகனுடைய கடிதம், அப்பாவின் கடிதம், இருவரின் வங்கிக் கணக்கு எல்லாம் அனுப்பியும் மூன்று மாதம் இழுத்தது. கூட்டுக் குடும்பமாக இருப்பவர்கள் தயவுசெய்து இதை வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு போதும்.

கட்டும் பணமும் பதிந்தவர் கணக்கிலிருந்தே போக வேண்டும். பெரிய நிறுவனங்கள் மூன்றாம் ஆள் பணத்தை வாங்குவதில்லை. சொந்தப் பெயரில் கேட்டுவிட்டுக் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ‘எல்லாம் நம்ம காசுதானுங்களே’ என்பார்கள். அங்கே அது கறுப்புப் பணச் சந்தேகம், இங்கே எனக்குக் கணக்கில் தலைவலி. தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கி வரம்பு இருக்கிறது. மகன், மகள் படிப்புக்கு அனுப்புகிறவர்கள் தங்கள் பெயரில் ஏற்கெனவே போனதையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருள் வாங்கும் பணத்தை எந்தத் தலைப்பில் அனுப்புவது என்று ஏலத்துக்கு முன்பே வங்கியில் கேட்டு வைத்துவிடுங்கள், ஜெயித்த பிறகு ஓடாதீர்கள்.

எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதும் முன்கூட்டித் தெரிய வேண்டும். 1947-48இல் நம் அணி ஆஸ்திரேலியா போனபோது ஆஸ்திரேலிய வீரர் பிராட்மன் அணிந்த பச்சைத் தொப்பி, 2024 டிசம்பரில் சிட்னியில் பான்ஹம்ஸ் ஏலத்துக்கு வந்தது. சுத்தியல் விழுந்த விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 3,90,000 ஆஸ்திரேலிய டாலர். ஏல நிறுவனத்தின் கட்டணங்கள் சேர்ந்து வாங்கியவருக்கு ஆனது 4,79,700. கேட்ட விலைக்கு மேல் 23 சதவீதம். இதற்கும் மேலே அனுப்பும் செலவு, காப்பீடு, நம் சுங்க வரி. எவ்வளவு வரை கேட்க ஒப்புதல் வேண்டும் என்று எழுதும்போது இந்த முழுத் தொகையை மனதில் வைத்து எழுதுங்கள். சுத்தியல் விழுந்த பிறகு ‘கட்டுப்படியாகாது’ என்றால் கேட்பாரில்லை. கேட்ட விலையிலிருந்து பின்வாங்க முடியாது என்று நிபந்தனையில் இருக்கும். மறு ஏலத்தில் குறைந்து போனால் அந்த வித்தியாசத்தையும் உங்களிடம் கேட்கும் உரிமை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. சில அமெரிக்க நிறுவனங்களில் முதல் கட்ட நேரம் முடியும் முன்பு அந்தப் பொருளுக்கு ஒரு தடவையாவது விலை வைத்திருந்தால்தான், நீட்டிப்பு நேரத்தில் தொடர்ந்து கேட்க முடியும். அந்த முதல் கட்டம் முடிவது அவர்கள் கிழக்கு நேரம் இரவு 10 மணி என்றால், அவர்களுடைய கோடையில் நமக்குக் காலை 7.30. ஒப்புதல் கையில் இருந்தும் பில்டர் காபி குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்த ஒருவர், வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒப்புதலுக்கும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

அவர்கள் நம்மைப் பார்ப்பது போல நாமும் அவர்களைப் பார்க்க வேண்டும். ‘பதிவுக் கட்டணம்’ என்று தனி ஆளின் கணக்குக்கோ யூபிஐ எண்ணுக்கோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள பதிவேற்றும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள், நகலின் குறுக்கே எந்த நிறுவனத்துக்கு, எதற்காக என்று எழுதிவிடுங்கள். ஆதார் வெளிநாட்டில் பெரிதாக உதவாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

திருப்பூர்க்காரருக்கு என்ன செய்தோம்? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வங்கிக் கணக்கிலும் கார்டிலும் பெயரை மாற்றினோம். முகவரிக்கு ஈபி ரசீதை விட்டுவிட்டு வங்கி அறிக்கையை வைத்தோம். பழைய இனிஷியல் பெயரும் அவருடையதே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டோம். இதற்கெல்லாம் ஏழு வாரம் ஆனது. அவர் ஆசைப்பட்ட மட்டை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. அதே நிறுவனம் இந்த முறை ஏற்றுக்கொண்டது, ஆனால் சிறிய எல்லையோடு. அந்த எல்லைக்குள் ஒரு பழைய டெஸ்ட் போட்டியின் கையெழுத்துத் தாளைக் கேட்டு ஜெயித்தார், மூன்றாம் நாளே தன் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பினார். பணம் கட்டிய ரசீதை என் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த நிறுவனம் முன்பு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கும்போது அதன் நகலை அனுப்பப் போகிறோம்.