ஒளிந்திருந்த மூன்றாவது வேர்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கீழ் வரிசையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ஏழெட்டு மாதம் முன்பே வேறு இடத்தில் வேர் சிகிச்சை (ரூட் கேனல்) முடித்து, கேப்பும் போட்டாயிற்று. ஆனாலும் நிலக்கடலை கடித்தால் சுருக்கென்கிறதாம். "எல்லாம் எங்க ஊர் போர் தண்ணி சார். பிடுங்கி விட்டுடுங்க."

தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல்லுக்கு எது வந்தாலும் பழி தண்ணீர் மேல்தான். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் பல்லைப் பொறுத்தவரை, அது உருவாகும் சிறுவயதில் ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துக் கறையாக்கும், அவ்வளவுதான். வேரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர், உள்ளே மூன்று நரம்புக் குழாய். சிலருக்குப் பிறவியிலேயே நாக்குப் பக்கம், பின்வேரை ஒட்டி, வளைந்த மூன்றாவது வேர் ஒன்று இருக்கும். கிழக்காசிய மக்களிடம் இது சகஜம். நம்மிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எக்ஸ்ரே என்பது நிழல்தானே? நேராக எடுத்தால் பின்வேருக்குள் மறைந்துவிடும். சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தேன். மங்கலாக ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தது.

சரி என்று கேப்பைக் கழற்றி, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். பல்லின் உள்தரையில் கருத்த கோடு ஒன்று ஓடும், அதைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். நாக்குப் பக்க மூலையில் பத்தாம் நம்பர் ஃபைலை, அதாவது குழாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவியை, வைத்தேன். நுனி வெறும் 0.1 மி.மீ. சட்டென்று பிடித்துக்கொண்டது. வெளியே எடுத்தால் நாற்றம். அழுகிய நரம்பு அங்கேதான் கிடந்திருக்கிறது. வளைந்த வேரில் அவசரப்பட்டால் ஃபைல் உள்ளேயே ஒடியும் என்பதால் இரண்டு முறை வரச்சொல்லி முடித்தேன்.

முதலில் பார்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாவது குழாய் இருக்கும் என்று தெரிந்தும் எனக்கே தப்பியிருக்கிறது.

வேர் சிகிச்சை முடிந்து சில நாள் கடித்தால் வலிப்பது சகஜம். மாதக்கணக்கில் வலித்தால், ஈறில் கொப்புளம் வந்து சீழ் வடிந்தால், மாத்திரையில் நாளைக் கடத்தாதீர்கள். பிடுங்கச் சொல்லும் முன் "குழாய் ஏதாவது விட்டுப்போயிருக்குமா?" என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறது. வேரே நெடுக விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா பேரனோடு வந்தார். தன் பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. பையனின் முன்பல்லில் பழுப்புக் கறையைக் காட்டி, "இதாவது தண்ணிதானே சார்?" என்றார்.

ஆமாம், அது தண்ணிதான்.