தொங்கு ஆசனம் எங்கே தொங்குகிறது?

உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகள் வரத் தொடங்கினால் 'தொங்கு ஆசனம்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். வட்டாரத் தெரிவும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறையில் இலங்கையில் முதன்முதல் வாக்களித்த 2018 பெப்ரவரி 10 இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2025 மே 6 க்குப் பிறகும் அதே சொல், அதே குழப்பம். 'இந்தச் சபையில் இரண்டு தொங்கு ஆசனங்கள்' என்று செய்தி வாசித்தால், ஒருவர் அதை இன்னும் உறுதியாகாத ஆசனம் என்று எடுக்கிறார். இன்னொருவர் யாருக்கும் போகாமல் வெறுமையாய்க் கிடக்கிற ஆசனம் என்கிறார். மூன்றாமவர் 'அது போனஸ் சீற்தானே' என்று கதையை முடித்துவிடுகிறார். மூன்றும் பிழை. மூவரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வேறெதை விளங்குவது?

மூலம் ஜேர்மன் மொழி. 'யூபர்ஹாங்மண்டாட்' என்பது அங்கத்தைய சொல். 'யூபர்' என்றால் மேலே, கடந்து, 'ஹாங்' தொங்குதல், 'மண்டாட்' மக்கள் கொடுத்த பிரதிநிதித்துவ ஆணை. ஆனால் 'யூபர்ஹாங்' என்று சேர்ந்தபின் அதற்குப் பொருள் எல்லையைத் தாண்டி நிற்பது, அளவுக்கு மிஞ்சியது. ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையின் 910 ஆம் பிரிவுக்குத் தலைப்பே 'யூபர்ஹாங்'தான். அயல் காணியிலிருந்து நம் காணிக்குள் நீண்டுவரும் கிளையை என்ன செய்யலாம் என்று சொல்லும் பிரிவு அது. யாழ்ப்பாணத்தவருக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. பக்கத்து வளவு முருங்கை வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் வந்து நின்றால் வழக்குப் பேசுவது அது தொங்குகிறது என்பதற்காகவா? எல்லை தாண்டிவிட்டது என்பதற்காகத்தானே. ஜேர்மன் சொல்லை ஆங்கிலம் 'ஓவர்ஹாங்' என்று அப்படியே எடுத்தது. நமது மொழிபெயர்ப்பில் 'ஓவர்' கழன்று 'ஹாங்' மட்டும் தங்கிவிட்டது. கருத்தைத் தாங்கியது கழன்ற பாதிதான்.

இனி விடயம் என்னவென்று கணக்காகப் பார்ப்போம். 2017 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி ஒரு சபையின் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். யாழ். மாநகர சபை என்றால் வட்டாரத்தால் 27, பட்டியலால் 18, மொத்தம் 45. கணக்குச் சுருக்கமாக இருக்கட்டும் என்று 20 பேர் கொண்ட ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம்: வட்டாரத்தால் 12, பட்டியலால் 8. செல்லுபடியான வாக்குகள் 10,000. அதை 20 ஆல் வகுத்தால் 500. ஓர் ஆசனத்துக்குரிய வாக்கு அவ்வளவு. இதுவே தகுதி எண்.

அ என்ற கட்சிக்கு 3,900 வாக்கு, ஆ க்கு 2,600, இ க்கு 2,100, ஈ க்கு 1,400. ஒவ்வொன்றையும் 500 ஆல் வகுத்தால் முழு எண்ணாக 7, 5, 4, 2 வரும். கூட்டினால் 18. மிச்சமுள்ள இரண்டு ஆசனமும் மீதி வாக்குக் கூடியவர்களுக்குப் போகும். அ வுக்கும் ஈ க்கும் தலா 400 வாக்கு மீதி, மற்ற இருவருக்கும் 100 தான். ஆகவே உரித்து இப்படி நிற்கிறது: அ 8, ஆ 5, இ 4, ஈ 3.

அதன்பிறகு வட்டாரத்தில் யார் யார் வென்றார்கள் என்று பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு வாக்குகள் மூன்றாய்ப் பிரிந்ததில் அ கட்சி 10 வட்டாரங்களை அள்ளிவிட்டது என்று வையுங்கள். ஆ வுக்கு ஒன்று, இ க்கு ஒன்று, ஈ க்கு ஒன்றுமில்லை. உரித்து எட்டு, வென்றது பத்து. வட்டார மக்கள் தெரிந்தெடுத்தவரை எழுப்பிவிட முடியாது. ஆகையால் அ கட்சிக்குப் பட்டியலில் ஒன்றும் கிடையாது. கூட வந்த இரண்டும் அதன் கையிலேயே இருக்கும். மற்றக் கட்சிகளின் உரித்தையும் வெட்டக்கூடாது. ஆ வுக்குப் பட்டியலில் 4, இ க்கு 3, ஈ க்கு 3 கொடுக்க வேண்டும். அது 10. பட்டியலுக்கு ஒதுக்கியதோ 8. என்ன செய்வது? சபையை 22 ஆக்குகிறார்கள். அந்த இரண்டுதான் பேசப்படும் 'தொங்கு ஆசனம்'.

இதில் எது தொங்குகிறது? அ கட்சியின் பத்து வட்டார உறுப்பினரில் 'நீங்கள் இருவரும் மிஞ்சியவர்கள்' என்று எவரையும் காட்ட முடியாது. பத்துப் பேரும் தங்கள் வட்டாரத்தில் வென்று வந்தவர்கள். புதிதாகப் போட்ட இரண்டு கதிரையில் வந்து அமர்பவர்களோ அ கட்சிக்காரரே அல்ல, மற்றக் கட்சிகளின் பட்டியலில் இருந்தவர்கள். மிஞ்சியது ஓர் எண்ணிக்கை. ஒரு கட்சி தன் வாக்குக்கு உரித்தான அளவைத் தாண்டி எத்தனை வட்டாரம் வென்றது என்ற வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் சும்மா கணக்கோடு நிற்பதில்லை. 20 பேர் சபையில் பத்து எடுத்தால் சரிபாதி; இன்னும் ஒருவரைச் சேர்த்தால் பெரும்பான்மை. சபை 22 ஆனபின் அதே பத்து பாதிக்கும் குறைவு, 12 வேண்டும். வட்டாரத்தில் வெளுத்து வாங்கிய கட்சி தவிசாளர் பதவிக்கு ஆள் தேடி அலைவது இதனால்தான். பெண்களுக்கான நான்கில் ஒரு பங்கும் இங்கேதான் இடறுகிறது. பெண் உறுப்பினர் தொகையை நிரப்பும் வழி பெரும்பாலும் பட்டியல்தான். அந்த வேட்புமனுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வட்டாரத்திலேயே உரித்து முழுவதையும் தாண்டிவிட்ட கட்சிக்குப் பட்டியலே இல்லை. வென்ற பத்துப் பேரும் ஆண்கள் என்றால் அந்தக் கட்சிக்கு ஒரு பெண்ணை நியமிக்க இடமிருக்காது. சுமை முழுவதும் மற்றக் கட்சிகளின் தலையில் விழும். 2018 இல் சபைகளைக் கூட்டுவதற்கு முன்னர் தேர்தல்கள் ஆணைக்குழு பட்ட பாட்டில் இதுவும் ஒன்று. இவ்வளவு விளைவுள்ள ஒரு விடயத்துக்கு ஊஞ்சலை நினைவூட்டுகிற பெயர் எதற்கு?

'தொங்கு' என்ற சொல்லோடு நமக்குப் பகை இல்லை. தமிழில் தொங்குவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே ஆடி நிற்பது. வௌவால் தொங்கும், தோரணம் தொங்கும், பஸ் மிதிபலகையில் பெடியள் தொங்குவார்கள். அதிலிருந்து பிறந்த கருத்து 'முடிவு தெரியாமல் இழுபடுதல்': வழக்குத் தொங்குகிறது, கலியாணப் பேச்சுத் தொங்குகிறது. யாழ்ப்பாணப் பேச்சிலோ இன்னொன்றும் உண்டு: 'ஒழுங்கைத் தொங்கல்', 'அந்தத் தொங்கலிலை நிக்கிறார்'. அங்கே தொங்கல் என்றால் கடைக்கோடி. ஆடுதல், இழுபடுதல், கடைக்கோடி என்ற மூன்றில் எதுவும் 'அளவுக்கு மிஞ்சியது' என்ற கருத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 'தொங்கு ஆசனம்' என்று கேட்ட மனிதர் கடைசி வாங்கை நினைத்தால் அது அவருடைய தமிழறிவுக்குச் சான்று.

போதாக்குறைக்குத் 'தொங்கு சபை' என்று ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது முற்றிலும் வேறு சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில், ஒருமித்த முடிவுக்கு வரமுடியாத யூரிமாரை 'ஹங்' என்று சொல்லும் வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் இருந்தது. அந்த வழக்கே எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத நாடாளுமன்றத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 'ஹங்' வேறு, 'ஓவர்ஹாங்' வேறு. இரண்டையும் தமிழில் ஒரே 'தொங்கு'வில் கட்டித் தொங்கவிட்டதன் பலன், 'தொங்கு ஆசனங்களால் தொங்கு சபை' என்று தலைப்பு எழுத வேண்டிய நிலை. இரண்டுக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. யாழ். மாநகர சபையையே பாருங்கள். 2018 இல் கூடுதல் ஆசனம் எடுத்த தமிழரசுக் கட்சிக்கு 45 இல் 16. 2025 இல் அதே கட்சிக்கு 13. இரண்டு முறையும் மொத்தம் 45 ஐத் தாண்டவில்லை, அதாவது மிஞ்சிய ஆசனம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எவருக்கும் 23 கிடைக்கவில்லை. முதலாவது 'தொங்கு' இல்லாமலே இரண்டாவது 'தொங்கு'.

பெரும்பான்மை இல்லாததை 'அறுதிப் பெரும்பான்மை அற்ற சபை' என்று சொல்லலாம். நீளம் என்பார்கள். 'தொங்கு சபை' என்று எழுதிவிட்டு அடைப்புக்குள் விளக்கம் எழுதுவதைவிடக் குறுகியதுதான். அந்தச் சபைகளில் முதல்வரையோ தவிசாளரையோ தெரிவுசெய்யும்போது வாக்குச் சமப்பட்டால் என்ன நடக்கும்? 'திருவுளச்சீட்டு'. என்ன அழகான சொல்! ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அதற்கும் 'குலுக்கல் இழுப்பு' என்று ஏதாவது வந்திருக்கும். நல்ல காலம், கோயில் வழக்கு முந்திக்கொண்டது.

'மேலதிக ஆசனம்' என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் யோசித்து எழுதியவர்கள் என்பதால் மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. நம் நிர்வாகத் தமிழில் 'மேலதிக' என்றால் இருப்பதோடு முறைப்படி சேர்த்த இன்னொன்று: மேலதிக அரசாங்க அதிபர், மேலதிக நேரக் கொடுப்பனவு, மேலதிக வகுப்பு. எல்லாம் திட்டமிட்டுச் சேர்த்தவை. அதைவிடப் பெரிய இடைஞ்சல் தேர்தல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்சியும் வட்டாரங்களுக்கு முதலாவது வேட்புமனு, பட்டியலுக்கு மேலதிக வேட்புமனு என்று இரண்டு கொடுக்கிறது. 'மேலதிகப் பட்டியல்' என்பது அந்த 40 வீதத்துக்கான பட்டியலின் பெயர். ஆக, 'இரண்டு மேலதிக ஆசனம்' என்றால் அது எட்டுக்குள் அடங்கிய இரண்டா, எட்டுக்கு வெளியே வந்த இரண்டா? வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி முகவராக இருப்பவர்கூட ஒருதரம் திருப்பிக் கேட்பார்.

'போனஸ்' என்பதை இரண்டு வரியில் தள்ளிவிடலாம். போனஸ் ஆசனம் வென்றவருக்குச் சட்டம் முன்கூட்டியே எண்ணி வைத்த பரிசு. வட மாகாண சபையில் 36 க்கு மேல் இரண்டு, ஆக 38. நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு ஒன்று. நாம் பேசுவது எவரும் எண்ணி வைக்காதது. முடிவு வந்த பிறகுதான் இருக்கிறதா, எத்தனை என்றே தெரியும். நியூசிலாந்தின் 120 பேர் நாடாளுமன்றம் 2005 இல் 121 ஆகவும் 2008 இல் 122 ஆகவும் விரிந்தது இப்படித்தான். ஜேர்மனியில் மிஞ்சியதை ஈடுகட்ட மற்றக் கட்சிகளுக்கும் கூட்டிக்கொடுக்கப் போய், 598 ஆக இருக்கவேண்டிய சபை 2021 இல் 736 இல் போய் நின்றது. அலுத்துப்போய் 2023 இல் சட்டத்தை மாற்றி 630 என்று கட்டிவிட்டார்கள்.

'உபரி' தமிழகத்திலிருந்து வருகிறது. வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளவில்லை. இங்கே அது வாயில் வராது. தமிழகத்துப் பாடநூலில் 'நுகர்வோர் உபரி' என்பதை நம் உயர்தரப் பொருளியல் மாணவர் 'நுகர்வோர் மிகை' என்று படிக்கிறார். சொல் அங்கேயே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

'மிகை'. மிகு என்ற அடியிலிருந்து வந்தது. அளவைக் கடந்தது என்பதே பொருள். நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றத்தில் 'மிகைபடக் கூறல்' ஒன்று: வேண்டிய அளவுக்கு மேல் சொல்லுதல். 'மிகைநாடி மிக்க கொளல்' என்ற குறளடியிலும் இரண்டை நிறுத்துப் பார்த்து எது கூட நிற்கிறதோ அதுவே மிகை. உரித்தையும் வெற்றியையும் நிறுத்துப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 2022 இல் அரசாங்கம் விதித்த கூடுதல் வரியை 'மிகைவரி' என்று எழுதியபோது ஒருவரும் அகராதி தேடவில்லை. வரி என்றால் மட்டும் விளங்கும் சொல், ஆசனம் என்றால் விளங்காமல் போய்விடுமா?

தூய தமிழ் வேண்டுவோர் 'மிகை இருக்கை' என்று கேட்பார்கள். வேண்டாம். இருக்கை என்றால் நம் ஊரில் பஸ்ஸில் இருப்பது. தேர்தல் என்றால் எழுத்தில் ஆசனம், வாயில் சீற். அந்தப் பழக்கத்தைக் குழப்பப் போனால் 'மிகை'யும் சேர்ந்து தள்ளுண்டு போகும்.

இந்தக் கோளாறு ஒரு சொல்லோடு நிற்பதில்லை என்பதுதான் எரிச்சல். 'கட்டுப்பணம்' என்று இங்கே பல காலமாகச் சொல்லி வருவதை விட்டுவிட்டு 'டெபாசிட் காலி' என்று எழுதுகிறார்கள். மாநகர முதல்வரை இணையச் செய்தியில் 'முதல்வர்' என்று மட்டும் போட்டால் தமிழகத்தார் முதலமைச்சர் என்று வாசிக்கிறார்கள். 'உள்ளூராட்சி' சில இடங்களில் 'உள்ளாட்சி'யாகிவிட்டது. யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை என்று 17 சபைகள் இருக்கின்றன. ஒரே இரவில் அத்தனை முடிவையும் எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் இல்லை என்பது உண்மைதான். சொல்லை அன்றிரவு தேடினால் கிடைக்காது; வேட்புமனு கொடுக்கும் காலத்திலேயே மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'மிகை ஆசனம்' சரி. 'மிகை உறுப்பினர்' பிழை. மேலே கண்டதுபோல மிஞ்சிய ஆள் என்று ஒருவர் கிடையாது; அப்படி எழுதினால் வென்று வந்த ஒருவரை வேண்டாதவர் ஆக்கிவிடுவோம். 'அ கட்சி உரித்தைவிட இரண்டு வட்டாரம் கூட வென்றதால் மிகை ஆசனம் இரண்டு. சபை 20 இலிருந்து 22 ஆகிறது' என்று எழுதினால் அடைப்புக்குறி விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. புணர்ச்சி விதிப்படி 'மிகையாசனம்' என்று சேர்த்தெழுதலாம் என்பவர்களுக்கு: எழுதலாம்தான், ஆனால் யோகாசன வகுப்பில் சிரசாசனத்துக்கு அடுத்ததாகச் சொல்லிக்கொடுப்பதுபோல் இருக்கும். பிரித்தே எழுதுவோம்.