ஐந்து மாதக் கழுத்துப்பட்டை

போன வாரம் ஒருவர் வந்தார். 38 வயது. இடப்பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் திருப்பவில்லை, எழுந்து உடம்பையே மொத்தமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். கழுத்தில் பட்டை. முகவாய் படும் இடம் வியர்வையில் மஞ்சளாகி, ஓரம் கறுத்திருந்தது. பின்பக்க வெல்க்ரோ பிடிப்பு விட்டுப்போனதால் ஊக்கு குத்தியிருந்தார்.

"விபத்து எப்போது நடந்தது?"

"ஐந்து மாதம் ஆகிறது, சார்."

"ஐந்து மாதமும் இதைப் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னது யார்?"

"போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லையே."

இயன்முறை மருத்துவத் தொழிலில் இருக்கும் நான் இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்ற கணக்கை விட்டு நாளாகிவிட்டது. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பட்டையை மாட்டிவிட்ட எங்கள் ஆட்களில் ஒருவர், "ஒரு வாரத்தில் கழற்றிவிடுங்கள்" என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். சிக்னலில் காரை நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த வண்டி இடித்திருக்கிறது. பம்பரில் ஒரு கீறல். இறங்கிப் பார்த்து, இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை. விப்லாஷ் என்றார்கள். சாட்டையைச் சொடுக்கியதுபோல் தலை போய் வருவதால் அந்தப் பெயர். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடிபடவில்லை என்பதால் கழுத்துக்கும் அடிபடவில்லை என்று ஆகாது. வலி ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருவதும் சகஜம். உண்மையில், கழுத்து அடிபட்டு வருபவருக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய 2001இல் கனடாவில் ஒரு விதிமுறை வகுத்தார்கள். வலி தாமதமாக வருவதை, எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாகவே அது சொல்கிறது. இவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "உள்ளே ஏதோ மெதுவாகக் கெட்டுக்கொண்டே வருகிறது" என்று பயந்திருக்கிறார்.

இனி பட்டைக்கு வருகிறேன். அது தலையைத் தாங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். பஞ்சு வைத்த அந்த மெல்லிய பட்டைக்குத் தலையைத் தாங்கும் வலு கிடையாது. கழுத்தைப் பிடித்து நிறுத்துவதைவிட, "அசையாதே, அசையாதே" என்று நாள் முழுக்க நினைவூட்டுவதுதான் அது செய்யும் வேலை. முதல் இரண்டு மூன்று நாள் அந்த நினைவூட்டல் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அதுவே வினையாகிறது. காலில் மாவுக்கட்டு போட்டவர்களைக் கேளுங்கள். கட்டைப் பிரிக்கும் நாளில் கெண்டைக்கால் சூம்பிப்போயிருக்கும், கணுக்கால் மடங்காது, ஊன்றினால் வலிக்கும். அதற்காக யாரும் மறுபடி மாவுக்கட்டு கேட்பதில்லை. நடந்து நடந்துதான் சரியாகும் என்று அவர்களுக்குத் தெரியும். கழுத்து என்றதும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது? பட்டையைக் கழற்றுகிறார்கள்; தெம்பிழந்த தசை தலையைச் சுமக்கத் திணறி வலிக்கிறது. "ஐயோ, இன்னும் ஆறவில்லை" என்று உடனே மாட்டிக்கொள்கிறார்கள். நாலு வாரம் கழித்து இன்னொரு முறை கழற்றிப் பார்க்கிறார்கள். இப்போது முன்பைவிட அதிகம் வலிக்கிறது. கடைசியில் என்னிடம் வரும்போது, விபத்து தந்த வலி எது, பட்டை தந்த வலி எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

உடனே இதைப் படித்துவிட்டு எல்லோரும் கழற்றி எறியாதீர்கள். எலும்பு முறிந்தவர்கள், தசைநார் கிழிந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் போடுவது கெட்டியான வேறு வகைப் பட்டை. அதை எப்போது கழற்றலாம் என்பது உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்ல வேண்டியது. இடுப்புப் பட்டைக்காரர்களுக்கும் இதே கதைதான். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் பட்டை கட்டிக்கொண்டு படுத்திருந்தால் முதுகு தேறாது.

அந்த மனிதரின் பயத்துக்கு இன்னொரு காரணம் பையில் இருந்தது. எம்ஆர்ஐ அறிக்கை. "வட்டுப் பிதுக்கம்", "தேய்மானம்" என்ற இடங்களில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். விபத்தில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டு, விலகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம். 80 வயதில் 84 சதவீதம். நரை விழுவதுபோல் வட்டும் தேயும். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டு அனுப்பும் மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பேசும் தைரியம் எனக்கு எப்போது வரும்? ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு. அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். விபத்துக்குப் பின் கையிலோ காலிலோ மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, பலவீனம், கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே வலி, இரு பக்கமும் 45 டிகிரிகூடத் தலை திரும்பாமை, நடை தள்ளாடுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது அடிபட்டவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பதும், ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளுக்கு நடுவிலும் உணர்வு மங்குவதும் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழுத்து வலியோடு இதுவரை கண்டிராத தலைவலி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். யாரிடமாவது கழுத்தைக் கொடுத்துத் திருகி நெட்டி முறித்துக்கொள்ளும் ஆசை உள்ளவர்கள் முந்தைய வாக்கியத்தை இரண்டு முறை படிக்கவும்.

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. கழுத்தை உண்மையிலேயே அசைக்கக் கூடாத நேரம் விபத்து நடந்த முதல் சில நிமிடங்கள். அப்போதுதான் நாலு பேர் ஓடிவந்து கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்து மடித்துத் தூக்குகிறார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுகிறார்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீ, பாயும் வண்டிகள் போன்ற ஆபத்து இல்லையென்றால் அவரைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள், அது போதும்.

பழைய நோயாளிக்குத் திரும்புகிறேன். பரிசோதித்ததில் ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லை. பட்டையைக் கழற்றினேன். கழுத்தைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம். கைகள் தாமாகவே எழுந்து தாடையைத் தாங்கிக்கொண்டன. கண்ணாடி முன் உட்காரவைத்து, வலி தொடங்கும் இடம்வரை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். முதல் நாள் கைவிரல் அளவுகூடத் திரும்பவில்லை. மணிக்கொரு முறை, பக்கத்துக்குப் பத்துத் தடவை, குளிக்கும்முன் வெதுவெதுப்பான ஒத்தடம், தினமும் நடை. பட்டையைப் பகலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கழற்றிவைத்து, போடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகச் சொன்னேன். வலிக்கும், வலித்தால் ஏதோ முறிகிறது என்று அர்த்தமில்லை. இதைத்தான் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் முழுதாகத் தேறிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். பயந்து ஒடுங்கியிருப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும்.

கிளம்பும்போது, காரில் இருக்கையின் தலைசாய்ப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சாய்ந்து தூங்குவதற்காக வைத்ததல்ல அது. பின்னாலிருந்து இடிபடும்போது தலை பின்பக்கம் மடியாமல் தடுக்கத்தான் இருக்கிறது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும், பிடரிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். கழுத்துக்குழியில் முட்டும் அளவுக்குத் தாழ்ந்திருந்தால், இடிபடும்போது தலை அதன்மேல் நெம்பிப் பின்னால் போகும்.

கீழே போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அடிமட்டத்தில் இருக்கிறதாம். "அது மேலே ஏறும் என்றே எனக்குத் தெரியாது, சார். வாங்கி ஆறு வருடம் ஆகிறது."