மார்க் இருந்தும் வேலை எங்கே நழுவுகிறது: ஆசிரியர் தேர்வு வாரிய (டிஆர்பி) இணையதளத்தை எப்படிப் படிப்பது

எங்கள் தெருவில் ஒரு அக்கா. முதுகலை ஆசிரியர் தேர்வில் நல்ல மார்க். சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர் இருந்திருக்கிறது. இடஒதுக்கீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பொதுப் பிரிவில் அவருடைய மார்க் போதவில்லை.

மணமான பெண்கள் தந்தை பெயரில்தான் சாதிச் சான்றிதழ் தர வேண்டும் என்பது அறிவிக்கையில் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கிலத்தில், எங்கோ நடுவில். சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் "எதற்கும்மா இது?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம், எல்லோரும் சொல்கிற டிஆர்பி. ஆண்டுத் திட்டம், அறிவிக்கை, ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட், விடைக்குறிப்பு, தேர்வுப் பட்டியல் எல்லாம் அதன் இணையதளத்தில்தான் வரும். தபால்காரர் எதுவும் கொண்டுவந்து தர மாட்டார். தேதி மாறினாலும், காலியிடம் கூடினாலும், பாடத்திட்டத்தில் திருத்தம் வந்தாலும் ஒரு பிடிஎஃப் ஏற்றிவிட்டு, தெரிவித்துவிட்டோம் என்று இருந்துவிடுவார்கள். அதனால் வாரம் ஒரு முறையாவது நீங்களே போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருகிற "அவசரச் செய்தி"யை நம்பி இருக்காதீர்கள். ஆண்டுத் திட்டத்தில் போட்ட மாதத்தையும் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வையே பாருங்கள்: 2019-க்குப் பிறகு 2022, அதற்குப் பிறகு 2025.

டெட் பாஸ் செய்துவிட்டால் வேலை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோச்சிங் சென்டர் விளம்பரங்களும் அப்படித்தான் பேசுகின்றன. டெட் என்பது வாசல் மட்டும்தான். முன்பு டெட் மார்க்கோடு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மார்க்குகளையும் சேர்த்து வெயிட்டேஜ் போட்டு வேலை கொடுத்தார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை 149 அதை மாற்றிவிட்டது. இப்போது டெட் தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2024-ல் பட்டதாரி ஆசிரியர்களுக்கு பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்கு ஜூலையிலும் நடந்தது அந்தத் தேர்வுதான். டெட் சான்றிதழுக்கு இப்போது ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. முன்பு ஏழு ஆண்டுதான் என்று இருந்ததை 2021-ல் எடுத்துவிட்டார்கள். பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையே இல்லை, நேரடியாக எழுதலாம்.

அடுத்தது, பி.எட். படித்துவிட்டு டெட் முதல் தாளுக்குப் பணம் கட்டுகிற கூத்து. முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதற்கு ஆசிரியர் பட்டயப் படிப்பு வேண்டும். தொடக்கப்பள்ளிக்கு பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் சொல்லிவிட்டது. உங்களுக்கானது ஆறு முதல் எட்டு வரைக்கான இரண்டாம் தாள். கட்டிய பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

வயது தாண்டிவிட்டது என்று ஒதுங்கி இருப்பவர்கள் ஒரு முறை சரிபாருங்கள். 2020-ல் வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 40 என்று வைத்தார்கள். 2023 அக்டோபரில் அது 53 ஆனது, மற்ற பிரிவுகளுக்கு 58. பழைய வரம்பையே மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தை எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

படிப்பு விஷயத்தில் ஆட்கள் விழுகிற பள்ளம் இரண்டு. ஒன்று, படித்த வரிசை. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு எடுபடாது. இன்னொன்று, பட்டத்தின் பெயர். சான்றிதழில் பாடத்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் கூடுதலாக ஒட்டியிருந்தால் போதும், "இது அந்தப் பாடம்தானா?" என்று கேள்வி வரும். அதற்கு, உங்கள் பட்டம் கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை காட்ட வேண்டும். கல்லூரியில் கேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போ என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால் உயர்கல்வித் துறை அரசாணையைப் பார் என்பார்கள். சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு இந்த அலைச்சலைத் தொடங்கினால் நாள் போதாது. இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று 'கிராஸ் மேஜர்' படித்தவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே அறிவிக்கையின் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைய வைப்பது தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. முன்பு பட்டப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்திருந்தால் போதும் என்று இருந்தது. 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று ஆகிவிட்டது. நோக்கம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சாதாரண ஆள் எத்தனை வாசல் ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்: தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி, கலைக்கல்லூரி, பி.எட். கல்லூரி. ஒவ்வொரு இடத்திலும், கேட்ட படிவத்தில், கையெழுத்து, முத்திரை. ஊர்ப் பள்ளியில் ஹெச்.எம். மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேட ஆள் இருக்காது. தனியார் பி.எட். கல்லூரியில் பாக்கி ஃபீஸ் இருக்கிறது என்று இழுத்தடிப்பார்கள். ஒன்று விடுபட்டாலும் அந்த ஒதுக்கீடு போயிற்று. அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே முதல் பள்ளிக்குப் போய்விடுங்கள். கோடை விடுமுறையில் போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆதரவற்ற விதவைகளுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் விதவை உதவித்தொகை வாங்கும் ஆவணத்தை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுத்த 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்' வேண்டும். தாசில்தார் அலுவலகத்தோடு வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டுவிடுவார். அப்புறம் பாஸ்வேர்டும் அவரிடம், ஓடிபியும் அவரிடம். அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்டால் உங்கள் ஹால் டிக்கெட்டை யாரிடம் கேட்பீர்கள்? அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் சாதி, பாடம், தமிழ்வழி, பிறந்த தேதி இந்த நான்கையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.

தேர்வில் தமிழ்த் தகுதித் தாளைச் சும்மா நினைக்காதீர்கள். 50 மார்க்குக்கு 20 எடுக்காவிட்டால், நீங்கள் எழுதிய பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நம் தமிழ்தானே என்று போய் உட்கார்ந்த கணக்கு, இயற்பியல் ஆட்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை ஒரு மாதமாவது புரட்டுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபணைக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதையும் ஆன்லைனில்தான் போட வேண்டும். ஆதாரமாகத் தரமான பாடநூல் பக்கத்தை இணைக்க வேண்டும், கைடு, நோட்ஸ் எடுபடாது.

இன்னும் ஒன்று பாக்கி. தேர்வு முடிந்ததும் சிலருக்கு போன் வரும், "இத்தனை லட்சம் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்று. 2017-ல் பாலிடெக்னிக் விரிவுரையாளர் 1,058 இடங்களுக்கு நடந்த தேர்வில் விடைத்தாள் மார்க்கைத் திருத்தினார்கள் என்று வெளிவந்து, தேர்வையே ரத்து செய்தார்கள். பணம் கொடுத்தவர்கள் மாட்டினார்கள், நேர்மையாக எழுதியவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். போன் வந்தால் பேச்சை வளர்க்காமல், எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போலீஸில் கொடுங்கள். டிஆர்பி பெயரில் வருகிற இணைப்பு எதையும் தொடுவதற்கு முன் முகவரி 'ஜிஓவி.இன்' (gov.in) என்று முடிகிறதா பாருங்கள்.

அந்த அக்கா அப்பா பெயரில் புதிய சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டார். அதற்கு நான்கு முறை நடந்தார். அடுத்த அறிவிக்கைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்.